தொண்ணூற்றில் ஏழு அடங்குமா?

30 டயா, 24 கேஜ் சிங்கிள் ஜெர்சி மெஷினில் சிலிண்டரைச் சுற்றி ஏறத்தாழ 2260 ஊசிகள் நிற்கும். நூல் கொடுக்கும் ஃபீடர்கள் பெரும்பாலும் 90. சிலிண்டர் ஒரு சுற்று சுற்றினால் 90 வரிசைத் துணி இறங்கும். கோடு போட்ட துணி வேண்டுமென்றால், எந்த ஃபீடரில் எந்த வண்ண நூலை மாட்டுவது என்பதுதான் கணக்கு. ஆறு வரிசைக்கு ஒருமுறை திரும்பும் கோடு சுலபம். 9, 10, 15, 18 எல்லாமே சுலபம். பையர் ஏழு வரிசைக் கோடு கேட்டுவிட்டால் சிக்கல். பன்னிரண்டு ஏழு 84, மீதி ஆறு. அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு சுற்று முடியும் இடத்திலும் கோடு முறியும். அதனால் ஆறு ஃபீடர்களை வேலையில்லாமல் நிறுத்திவிட்டு 84-ஐ மட்டும் ஓட்டுவார்கள். உற்பத்தி கொஞ்சம் குறையும், கோடு ஒழுங்காக வரும்.

இதே கணக்கு மிருதங்கக்காரருக்கும் உண்டு. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. அதற்குள் 'தகதிமி தகிட' என்ற ஏழு மாத்திரைச் சொல்லை அடுக்கிப் பாருங்கள். நாலேழு 28, மீதி நான்கு. இந்த மீதியை அவர் நிறுத்தி வைப்பதில்லை. முதலில் ஒரு ஏழை வாசிக்கிறார். பிறகு ஏழு, இரண்டு மாத்திரை கார்வை, ஏழு, மறுபடி இரண்டு மாத்திரை கார்வை, கடைசியாக ஏழு. கூட்டிப் பார்த்தால் சரியாக 32. வகுபடாமல் நின்ற நான்கு மாத்திரை இரண்டு சின்ன மௌனங்களாகப் பிரிந்து சொற்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறது. ஆவர்த்தனம் மறுபடி தொடங்கும் சமத்தில் அடி விழும்போது நம் தலை தானாக ஆடுவதற்கு அந்த இரண்டு மௌனங்கள்தான் காரணம். அவை இல்லாவிட்டால் எதிர்பார்ப்பே எழாது.

மெஷின் ஒதுக்கும் மீதியை மனிதர்கள் இசையாக்குகிறார்கள். இன்றைய ஜாஸ் இசையில் இந்த மீதியை வைத்துப் பெரிய கட்டடங்கள் எழுப்பியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர் வீட்டுப் பிள்ளை. பெயர் விஜய் ஐயர். அவருடைய இசையை வாசிக்கக் கற்பது என்றால் என்ன, வளர்ந்த பிறகு, விரல் பழகிய பிறகு, ஒரு குழுவாக உட்கார்ந்து அதைக் கற்கும்போது மூளையிலும் உடம்பிலும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விஜய் ஐயர் 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தார். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள். மூன்று வயதில் தொடங்கி பதினைந்து ஆண்டுகள் மேற்கத்திய முறையில் வயலின் படித்தார். உலகம் அவரை அறிந்தது பியானோவால். அதை அவர் பெரும்பாலும் கேட்டுக் கேட்டுத் தானாகவே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, இயற்பியல் ஆராய்ச்சிக்காக பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பாதியில் பாதை மாறி, 1998-ல் அங்கேயே இசையறிதல் பற்றி முனைவர் பட்டம் வாங்கினார். 2013-ல் மெக்ஆர்தர் நல்கை. 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் மையக் கருத்து ஒன்றுதான். தாளத்தை அறிவது காது மட்டும் செய்யும் வேலையல்ல, மூளைக்குள் எங்கோ எண்ணும் வேலையும் அல்ல. உடம்பு தான் செய்யக்கூடிய அசைவுகளைக் கொண்டே தாளத்தைப் புரிந்துகொள்கிறது. இதற்கு அவர் ஒரு அளவுகோலையும் வைத்தார். பத்து நொடிக்கு ஒன்று முதல் நொடிக்கு ஒன்று வரை உள்ள வேகம் மூச்சுக்கும் உடல் அசைந்தாடுவதற்கும் உரியது. நொடிக்கு ஒன்று முதல் மூன்று வரை நடைக்கும் இதயத் துடிப்புக்கும் மெல்லுவதற்கும் உரியது. மூன்று முதல் பத்து வரை பேச்சுக்கும் விரல்களுக்கும் உரியது. இசையின் நீண்ட பாடல் வரி மூச்சில், அடி நடையில், சிறு சொற்கள் விரலிலும் நாக்கிலும் உட்காருகின்றன.

இந்த அளவுகோலை எங்கள் திருப்பூர்ப் பக்கம் கொண்டுவந்தால் வியப்பான ஒன்று தெரிகிறது. பல்லடம், சோமனூர் பக்கத்துச் சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 120 முதல் 150 ஊடை அடிக்கும். அதாவது நொடிக்கு இரண்டு, இரண்டரை. மனிதன் வேகமாக நடக்கும் வேகம் அது. தறி ஓடும் தெருவில் போகிறவருக்குக் கால் தானாக அதோடு சேர்ந்துகொள்வது இதனால்தான். ஒரே கொட்டகையில் ஒரு தறி 120-லும் பக்கத்துத் தறி 123-லும் ஓடினால், இரண்டும் 20 நொடிக்கு ஒருமுறை சேர்ந்து அடித்துவிட்டு மறுபடி விலகும். கொட்டகையில் நின்று கேட்கும் எவருக்கும் அந்தச் சேர்தலும் விலகலும் தெரியும். நவீன இசையமைப்பாளர்கள் இதையே வேண்டுமென்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டீவ் ரைக் 1967-ல் இரண்டு பியானோக்களை இப்படித்தான் மெல்ல மெல்ல ஒன்றிலிருந்து ஒன்று நழுவவிட்டார்.

நிட்டிங் மெஷின் கதை வேறு. நிமிடத்துக்கு 25 சுற்று ஓடும் 90 ஃபீடர் மெஷினில் ஒவ்வொரு ஊசியும் நொடிக்கு 37 முறைக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஊசியை ஏற்றி இறக்கும் ஒரு கேமைக் கடக்கும் ஊசிகளை எண்ணினால் நொடிக்கு 940. நொடிக்கு இருபதைத் தாண்டிய சீரான தட்டலை நம் காது அடி அடியாகப் பிரித்துக் கேட்பதில்லை, ஒரே ஒலியாக, சுருதியாகக் கேட்கிறது. விசைத்தறி தாளத்தில் ஓடுகிறது, பனியன் மெஷின் சுருதியில் ஓடுகிறது. இருபது கிலோமீட்டர் இடைவெளிக்குள் இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தாளமும் சுருதியும் ஒரே பொருளின் மெதுவான, வேகமான வடிவங்கள் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு இயற்பியல் புத்தகத்தில் தேடிக் காட்ட வேண்டியதில்லை.

இனி ஒரு பாட்டு. ரோனி ஃபாஸ்டர் என்ற ஆர்கன் கலைஞர் 1972-ல் வெளியிட்ட தொகுப்பில் 'மிஸ்டிக் ப்ரூ' என்று ஒன்று உண்டு. 1993-ல் 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' என்ற ஹிப் ஹாப் குழு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வேறொரு பாட்டில் சுற்றவிட்டது. 2009-ல் விஜய் ஐயர் தன் மூவர் குழுவோடு, அதாவது பேஸில் ஸ்டீஃபன் க்ரம்ப், டிரம்ஸில் மார்கஸ் கில்மோர், 'ஹிஸ்டாரிசிட்டி' என்ற தொகுப்பில் அதை மறுபடி எடுத்தார். அந்தப் பாட்டின் உள்ளே குட்டை, நெட்டை என்று ஒரு சமமில்லாத அசைவு இருக்கிறது. அதை ஃபிபனாச்சி எண்களின் விகிதங்களைக் கொண்டு நீட்டியும் குறுக்கியும் வாசித்ததை அவரே அதே ஆண்டு 'கார்டியன்' நாளிதழில் விளக்கி எழுதினார்.

1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் வரிசை அது. பக்கத்துப் பக்கத்து எண்களை வகுத்தால் 3:5 என்பது 0.6. 5:8 என்பது 0.625. 8:13 என்பது 0.615. எல்லாம் 0.618-ஐச் சுற்றியே நிற்கின்றன. எட்டு மாத்திரையை மூன்றும் ஐந்துமாகப் பிரித்து வாசித்தாலும், பதின்மூன்றை ஐந்தும் எட்டுமாகப் பிரித்து வாசித்தாலும், காதில் விழும் குட்டை நெட்டை உருவம் ஏறத்தாழ ஒன்றே. கணக்கு மாறிவிட்டது, முகம் மாறவில்லை. கேட்பவருக்குத் தெரிந்த பாட்டுத்தான், ஆனால் காலடியில் தரை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

இந்த எண்களைத் தமிழ் படித்தவர்கள் வேறு வாசல் வழியாகவும் பார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை வகையில் நிரப்பலாம்? நான்கு குறில். ஒரு நெடில், இரு குறில், அந்த நெடில் முதலிலோ நடுவிலோ கடைசியிலோ வரலாம். இரண்டு நெடில். ஆக ஐந்து வகை. ஐந்து மாத்திரைக்கு எட்டு. ஆறுக்குப் பதின்மூன்று. காரணம் எளிது. கடைசி எழுத்து குறிலாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு மாத்திரை குறைவான அடுக்குகள் எல்லாம் வரும், நெடிலாக இருந்தால் இரண்டு மாத்திரை குறைவான அடுக்குகள் எல்லாம் வரும். இரண்டையும் கூட்ட வேண்டியதுதான். இத்தாலியின் ஃபிபனாச்சி தன் நூலை எழுதியது 1202-ல். அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே ஹேமச்சந்திரரும், பல நூற்றாண்டுகள் முன்பே விரகாங்கரும், செய்யுளின் குறில் நெடிலை எண்ணும்போதே இந்த வரிசையைக் கண்டிருந்தார்கள். முதலில் இது தாளத்தின் கணக்காகத்தான் பிறந்தது. பூவிதழும் முயலும் பிறகு வந்து சேர்ந்தவை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இப்படிப்பட்ட இசையை வளர்ந்தவர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து எடுக்கும்போது முதல் தடை விரல் அல்ல. விரல் ஏற்கெனவே பழகியிருக்கிறது, ராகமோ ஸ்கேலோ தெரியும், குறிப்பைப் பார்த்து வாசிக்கவும் தெரியும். தடை வேறிடத்தில் இருக்கிறது. எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பால்கன் நாடுகளின் நாட்டுப்புற இசையில் ஏழு மாத்திரைத் தாளங்கள் சாதாரணம். அந்த மெட்டுகளைக் கேட்கவைத்து, நடுவே தாளத்தைக் கெடுத்தால் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். வட அமெரிக்கப் பெரியவர்கள் தடுமாறினார்கள். பல்கேரிய, மாசிடோனியப் பின்னணி கொண்ட பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆறு மாதக் குழந்தைகளும் கண்டுபிடித்தன, அவை பிறந்தது வட அமெரிக்காவிலேயே என்றாலும். பன்னிரண்டு மாதத்தில் குழந்தைகளும் பெரியவர்களைப் போலாகிவிட்டன. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைப் போட்டுக் கேட்கவைத்ததும் குழந்தைகளுக்கு அந்தத் திறன் திரும்பிவிட்டது. பெரியவர்களுக்கு அதே அளவு கேட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

இதைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வெறுமே கேட்பது போதாது, அவ்வளவுதான். ஜெசிகா ஃபிலிப்ஸ்-சில்வர், லாரல் ட்ரெய்னர் இருவரும் செய்த இன்னொரு ஆய்வு வழி காட்டுகிறது. எங்கும் அழுத்தம் இல்லாத ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டு, சில குழந்தைகளை இரண்டடிக்கு ஒருமுறை தூக்கி ஆட்டினார்கள், சில குழந்தைகளை மூன்றடிக்கு ஒருமுறை. பிறகு அழுத்தம் சேர்த்த தாளங்களைப் போட்டபோது, இரண்டில் ஆடிய குழந்தை இரண்டின் அழுத்தத்தையும், மூன்றில் ஆடிய குழந்தை மூன்றின் அழுத்தத்தையும் விரும்பிக் கேட்டது. காதுக்குள் போனது ஒரே ஒலி. உடம்பு ஆடிய விதம்தான் அதை இரண்டாகவோ மூன்றாகவோ ஆக்கியது. பெரியவர்களிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். தாங்களே முழங்காலை மடக்கி ஆடியவர்களுக்கு அது நடந்தது. ஆடுகிறவரை வேடிக்கை பார்த்தவர்களுக்கு நடக்கவில்லை. ஜெசிகா க்ரானும் மேத்யூ ப்ரெட்டும் 2007-ல் வெளியிட்ட மூளைப்படங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. அசையாமல் படுத்துத் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மூளையிலும் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்துகொண்டிருந்தன.

பாட்டு வாத்தியார் முதல் நாளே தொடையில் தட்டி, விரலை மடக்கி, கையைத் திருப்பச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு அறிவியல் இருக்கிறது. சுண்டு விரலில் நிற்கும்போது இரண்டாவது அட்சரம், நடுவிரலில் நிற்கும்போது நான்காவது. எண்ணை நினைவில் வைக்க வேண்டியதில்லை, கை வைத்துக்கொள்கிறது. மனம் விடுபட்டு மேலே ஏழையும் ஒன்பதையும் போட்டுப் பார்க்கலாம். சேர்ந்து வாசிக்கும் குழுக்களில் நான் பார்த்தவரை, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று உதட்டுக்குள் எண்ணுகிறவர்கள்தான் முதலில் தொலைகிறார்கள். சொற்கட்டு சொல்லிப் பழகியவர்கள் தொலைந்தாலும் அடுத்த சமத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். எண்ணுக்கு உருவம் கிடையாது. 'தகதிமி தகிட' என்பதற்கு உருவமும் எடையும் இருக்கின்றன.

ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகள் ஓடுவதுதான் இந்த இசையின் அடுத்த படி. பேஸ் நான்கில் போகிறது, பியானோ ஐந்தில் போகிறது. ஒரு மனிதன் இரண்டையும் தனித்தனியாக எண்ண முடியுமா? பெரும்பாலும் முடியாது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு கையாலும் இப்படித் தட்டுகிறவர்கள் உண்மையில் இரண்டும் கலந்த ஒரே தாளத்தைத்தான் கற்கிறார்கள். அந்தக் கலவை எப்படியிருக்கும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு சுற்றுக்கு 20 மாத்திரை. இடது கை நான்கு முறை சமமாகத் தட்ட வேண்டும், ஆகவே 0, 5, 10, 15-ல் விழும். வலது கை ஐந்து முறை, ஆகவே 0, 4, 8, 12, 16-ல் விழும். இரண்டையும் சேர்த்தால் 0, 4, 5, 8, 10, 12, 15, 16, பிறகு மறுபடி சமம். அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எழுதுங்கள்: 4, 1, 3, 2, 2, 3, 1, 4. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்று. இதில் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள். முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் இடங்களில் 4, 3, 2, 1. மிச்ச இடங்களில் 1, 2, 3, 4. ஒன்று தேய்ந்துகொண்டே போகிறது, மற்றொன்று வளர்ந்துகொண்டே வருகிறது. கர்நாடக இசையில் தேய்வதற்குக் கோபுச்ச யதி என்றும் வளர்வதற்கு ஸ்ரோதோவக யதி என்றும் பெயர். நான்கையும் ஐந்தையும் சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும், யாரும் இயற்றாமலே, இரண்டு யதிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு வந்துவிட்டன. மூன்றுக்கு நான்கு போட்டுப் பாருங்கள்: 3, 1, 2, 2, 1, 3. அதே பின்னல். அடுத்தடுத்த எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் இது நடக்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது, ஆனாலும் முதன்முறை பார்க்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எந்த வேகத்தில் தொடங்குவது என்பதற்கும் இந்த வரிசையே பதில் சொல்கிறது. நம் உடம்பு தாளத்தின் துண்டாக உணரக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ நூறு மில்லிசெகண்ட், நொடியில் பத்தில் ஒரு பங்கு. தேர்ந்த ஜாஸ் டிரம்மர்களை அளந்த ஆண்டர்ஸ் ஃப்ரீபெர்க், ஆண்ட்ரியாஸ் சுண்ட்ஸ்ட்ரம் இருவரும், நெட்டை குட்டையாக ஆடும் ஸ்விங் வாசிப்பின் குட்டை அடி நடுத்தர வேகத்திலிருந்து மேலே போகப்போக இந்த அளவிலேயே வந்து நின்றுவிடுவதை 2002-ல் காட்டினார்கள். மேலே உள்ள நான்கு-ஐந்து பின்னலில், இடது கை நிமிடத்துக்கு 120 அடி தட்டினால், '1' என்ற இடைவெளி சரியாக நூறு மில்லிசெகண்ட். அதற்கு மேலே போனால் அந்த இடைவெளியைத் தாளத்தின் துண்டாக உணர்வது கடினம். 60-ல் தொடங்கினால் அதற்கு இருமடங்கு இடம் கிடைக்கும். மெதுவாகத் தொடங்கு என்று குருமார் சொல்வதில் பொறுமையைப் பற்றிய உபதேசம் மட்டும் இல்லை, உடம்பின் எல்லையைப் பற்றிய அறிவும் இருக்கிறது.

கணக்கு முழுவதும் பிடிபட்ட பிறகும் இசை வந்துவிடுவதில்லை. குறிப்பில் எழுத முடியாத மிகச் சிறிய தாமதங்களில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் தியோ கைசல் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, ஜாஸில் தனி வாசிப்பவர் அடியின் தலையில் முப்பது மில்லிசெகண்ட் அளவுக்குப் பின்தங்கி வாசிக்கும்போது அது கூடுதல் ஸ்விங்கோடு ஒலிப்பதைக் காட்டியது. இசைக்கலைஞர்கள் பலருக்கே அப்படிச் செய்கிறோம் என்று தெரியாது. விஜய் ஐயர் இதைத் தன் ஆய்விலேயே வேறு விதமாகத் தொட்டிருந்தார். டிரம்ஸில் காலால் அடிக்கும் பேஸ் டிரம்முக்குப் பிறகு கையால் அடிக்கும் ஸ்னேர் கொஞ்சம் தாமதித்து விழுவதை அவர் கவனித்தார். அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் வட்டமாக நின்று காலை உதைத்துக் கையைத் தட்டிப் பாடிய பழைய வழக்கத்தின் உடல் நினைவு அதில் இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. கால் அடி ஒன்று, கைத்தட்டல் ஒன்று.

வட்டம், கால், கைத்தட்டல் என்றதும் கொங்கு நாட்டில் யாருக்கும் கும்மி நினைவுக்கு வரும். கடந்த சில ஆண்டுகளில் வள்ளி கும்மி இங்கே பெரிய அளவில் திரும்பி வந்திருக்கிறது. கம்பெனி வேலை, வீட்டு வேலை முடித்த பெரியவர்கள் மாலையில் ஒரு திடலில் கூடிப் பயில்கிறார்கள். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, பெண்களுக்கும் இந்தக் கலையைக் கற்றுத்தந்ததைச் சொல்லித்தான் பாராட்டினார்கள். அரங்கேற்றங்களில் பெருங்கூட்டம் ஒரே திடலில் ஆடுகிறது. அங்கே ஒலியின் வேகம் ஒரு நேரடிப் பிரச்சினையாகிவிடும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அடி முப்பது மில்லிசெகண்ட் தாமதமாகக் கிடைக்கிறது, கோட்டிங்கன் ஆய்வில் வந்த அதே அளவு. நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கால் நொடிக்கும் அதிகம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அது அரை அடிக்கும் மேல். காதை மட்டும் நம்பினால் கடைசி வரிசை எதிர்த்தாளத்தில் ஆடும். முன்னால் இருப்பவரின் தோளையும் காலையும் பார்த்து, தன் உடம்பில் ஓடும் அடியை நம்பி ஆடுவதால்தான் வட்டம் சிதறாமல் நிற்கிறது. எந்த ஜாஸ் குழுவுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தமிழ்நாட்டுத் தாளத்துக்கும் ஜாஸுக்கும் உள்ள உறவு விஜய் ஐயரோடு தொடங்கியதல்ல. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன் 1963-ல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அதே பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேனோடு சேர்ந்து 'சக்தி' குழுவை நடத்தினார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ரஃபேல் ரெய்னா கர்நாடகத் தாள முறையை மேற்கத்திய இசைக்கலைஞர்களுக்குக் கற்பிக்கிறார், 2015-ல் அதைத் தடித்த நூலாகவும் எழுதியிருக்கிறார். வாசிப்பில் தேர்ந்து முடித்த பெரியவர்கள் அங்கே திரும்பவும் 'தகிட' சொல்லத் தொடங்குகிறார்கள்.

விஜய் ஐயர் இந்திய சுதந்திரத்தின் 60-ஆம் ஆண்டை ஒட்டி 2007-ல் ஒரு கச்சேரிக்காகச் சேர்த்த மூவர் குழு 'தீர்த்தா'. அதில் கிதார் வாசித்தவர் பிரசன்னா, சென்னை ஐஐடியில் படித்தவர், கர்நாடக இசையைக் கிதாரில் கொண்டுவந்தவர். தபலாவில் நிதின் மிட்டா. 2011-ல் தொகுப்பாக வந்தது. பிரசன்னா 2010-ல் சென்னைக்குத் தெற்கே ஸ்வர்ணபூமி இசைக் கல்லூரியைத் தொடங்கி, ஜாஸும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் ஒரே கூரையின்கீழ் கற்கும் வழியைத் தமிழ்நாட்டிலேயே காட்டினார். விஜய் ஐயரோ 2013-ல் கனடாவின் பான்ஃப் மையத்தில், ஏற்கெனவே மேடை ஏறிய கலைஞர்களுக்கான ஜாஸ் பட்டறையை வழிநடத்தத் தொடங்கினார். 2015-ல் வந்த 'ப்ரேக் ஸ்டஃப்' தொகுப்பின் 'மிஸ்டரி வுமன்' தென்னிந்தியத் தாளத்துக்குக் கடன்பட்டது. அதில் மிருதங்கமே கிடையாது, பியானோவும் பேஸும் டிரம்ஸும்தான். உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் கற்ற ரஜ்னா சுவாமிநாதன் ஹார்வர்டில் படித்து, 2019-ல் தன் இசையமைப்புகளை ஒரு தொகுப்பாக வெளியிட்டார். வாசிப்பவராக மட்டும் பார்க்கப்பட்ட மிருதங்கக் கலைஞர் ஒருவர் முழுக் குழுவுக்கும் எழுதுகிறார் என்பதை நான் பெரிய நிகழ்வாக நினைக்கிறேன்.

திருப்பூரில் இப்படி ஒரு குழு கூட வேண்டும் என்பது என் ஆசை. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவர், மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்து இப்போது நிட்டிங் யூனிட் நடத்துகிறவர், ஜமாப் அடிப்பவர், மாலையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தரும் ஆசிரியர், கும்மியில் அடி தவறாத அக்கா ஒருவர். சாதகம் வேலை நாளில் முடியாது. ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும்.

முதலில் 'மிஸ்டிக் ப்ரூ'வையே எடுக்கலாம். ஃபாஸ்டரின் 1972 பதிவை, எல்லோருக்கும் வாயால் பாட வரும்வரை கேட்க வேண்டும். பிறகு வாத்தியங்களை ஓரமாக வைத்துவிட்டு வட்டமாக நின்று, எட்டு மாத்திரையை மூன்றும் ஐந்துமாக, 'தகிட தகதகிட' என்று சொல்லிக்கொண்டே குட்டைக்கு ஒரு அடி, நெட்டைக்கு ஒரு அடி எடுத்து வைக்கலாம். அது சலிக்கும் அளவுக்குப் பழகியதும் நெட்டைக்கு மூன்று மாத்திரையும் குட்டைக்கு இரண்டு மாத்திரையும் கூட்டி, ஐந்தும் எட்டுமாகப் பதின்மூன்றுக்குப் போகலாம், 'தகதகிட தகதிமி தகதிமி' என்று. காலுக்கு அந்த மாற்றம் தெரியாமல் போகும் நாளில் கீபோர்டைத் திறக்கலாம். பதின்மூன்றிலும் யாராவது ஏழைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். போடட்டும். மீதி ஆறு வரும், அதை எங்கே வைப்பது என்பதை அந்தக் குழுவே முடிவு செய்துகொள்ளும்.